‘வயசாயிடுச்சு, அப்படித்தான் புலம்புவாங்க’ என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதியோர் நலம் பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. என்ன சாப்பிடலாம், எவ்வளவு நடக்கலாம், மறதி நோய் வராமல் இருக்க என்ன செய்யலாம் என்றெல்லாம் எழுதுகிறீர்கள், நல்ல விஷயம்தான். ஆனால் வீட்டில் நன்றாக இருந்த எழுபது எண்பது வயதுக்காரர்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ திடீரென்று ஆளே மாறிப்போகிறார்களே, அதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. நான் அரசு மருத்துவமனை வார்டுகளில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மெடிக்கல் வார்டு, எலும்பு முறிவு வார்டு, ஐ.சி.யூ. என்று போன இடத்திலெல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சலுக்கோ மூச்சுத்திணறலுக்கோ, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோ வந்து சேர்ந்த பாட்டி பகலெல்லாம் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். இருட்டினதும் ‘மாட்டைக் கட்டணும், என்னை விடு’ என்று எழுந்திருக்கப் பார்ப்பார், எப்போதோ இறந்துபோன கணவர் வாசலில் நிற்கிறார் என்பார், டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குவார், பெற்ற மகளையே ‘நீ யாரு’ என்பார். காலையில் பார்த்தால் ஓரளவு தெளிவு இருக்கும், மறுபடி ராத்திரி ஆரம்பிக்கும். டாக்டர்கள் டெலிரியம் என்பார்கள், ஊர்ப்பக்கம் ஜன்னி கண்டுவிட்டது என்பார்கள். இது மறதி நோய் இல்லை. மறதி நோய் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது, இது மணிக்கணக்கில் வந்து ஏறி இறங்குவது. மறதி நோய் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபமாக வரும் என்பதும் உண்மை, அதனால்தான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். உடம்புக்குள் வேறு ஏதோ கோளாறு நடக்கிறது, அதை மூளை தாங்கவில்லை என்பதுதான் டெலிரியத்துக்கு அர்த்தம்.

இன்னொரு வகை இருக்கிறது, எனக்கு அதுதான் அதிக பயம். கத்தாமல், எதையும் பிடுங்காமல், சுவரைப் பார்த்தபடி அரைத்தூக்கத்தில் கிடப்பவர்கள். கூப்பிட்டால் ‘ம்’ என்பார்கள், ஊட்டினால் சோற்றை வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பார்கள். ‘பாட்டி சமர்த்தா படுத்திருக்காங்க, ஒரு தொந்தரவும் இல்ல’ என்று பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சொல்வார்கள். அவர் எதுவும் கேட்காததால் ரவுண்ட்ஸிலும் அந்தப் படுக்கை பக்கம் யாரும் ரொம்ப நேரம் நிற்பதில்லை. இந்த அமைதியான டெலிரியம்தான் அதிகமாகக் கவனத்திலிருந்து தப்புகிறது, கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாக முடிகிறது.

காரணத்தைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். சிறுநீரில் கிருமி, நிமோனியா, சோடியம் இறங்கிப்போனது, சர்க்கரை தாழ்ந்துபோனது, உடம்பில் நீர் வற்றியது, நாலு நாளாக மலம் போகாதது, வாய் விட்டுச் சொல்லத் தெரியாத வலி. ராத்திரி முழுக்கக் கூச்சல் போட்ட ஒரு தாத்தாவை மனநலப் பிரிவுக்கு அனுப்பலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த பயிற்சி டாக்டர் ஒருவர் சிறுநீர் அடைத்திருப்பதைக் கண்டுபிடித்தார், டியூப் போட்டு இறக்கிய கொஞ்ச நேரத்தில் அவர் அமைதியாகித் தூங்கினார். அப்புறம் மருந்துகள். அரிப்புக்கும் அலர்ஜிக்கும் சர்வசாதாரணமாகப் போடும் அவில் ஊசி, கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் பேசிட்டேன் மாத்திரை, தூக்கம் வரவில்லை என்று கேட்டு வாங்கும் டயசிபாம், அல்பிரசோலம் எல்லாமே வயதானவர்களின் மூளையைக் குழப்பக்கூடியவை. வருடக்கணக்கில் தூக்க மாத்திரையோ மதுவோ எடுத்துக்கொண்டிருந்தவருக்கு ஆஸ்பத்திரியில் அது திடீரென்று நின்றுபோனாலும் இதே கதைதான்.

சரி, வார்டில் நாம் என்ன செய்கிறோம்? ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் புலம்புவாங்க’ என்கிறோம். ரொம்பத் தொந்தரவு என்றால் காஸ் துணியால் இரண்டு கையையும் கட்டில் கம்பியில் கட்டுகிறோம். எழுந்து நடமாடாமல் இருக்க யூரின் டியூப் போட்டு விடுகிறோம். ராத்திரி ஒரு ஊசி. ஊழியர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, வார்டு முழுக்க நிரம்பி வழியும்போது நைட் டியூட்டியில் இருக்கிற ஒரே ஒரு நர்ஸ் வேறு என்னதான் செய்வாள், நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். ஆனால் அமெரிக்காவில் ஷாரன் இனோயே என்ற முதியோர் மருத்துவர் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் இருக்கும்போது டெலிரியத்தைத் தூண்டிவிடுபவை என்று ஐந்து விஷயங்களைக் கண்டார்: கட்டிப்போடுவது, ஊட்டமில்லாமல் இருப்பது, மூன்றுக்கு மேல் புது மருந்துகளைச் சேர்ப்பது, யூரின் டியூப், சிகிச்சையாலேயே வரும் ஏதாவது பாதிப்பு. அதாவது குழப்பத்தை அடக்க நாம் செய்பவற்றில் பாதி, குழப்பத்தை உண்டாக்குபவை. ஊசியும் பெரிதாக உதவுவதில்லை. 2018-ல் ஐ.சி.யூ. நோயாளிகள் 566 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில் குழப்பத்தை அடக்கப் போடும் ஹாலோபெரிடால் மருந்து கொடுத்தவர்களுக்கும் வெறும் உப்புத்தண்ணீர் ஊசி போட்டவர்களுக்கும் டெலிரியம் நீடித்த நாட்களில் வித்தியாசமே இல்லை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டாக்கும் நிலையில் இருப்பவருக்கு டாக்டர் பார்த்து ஒரு சின்ன டோஸ் கொடுப்பது வேறு, அதை நான் மறுக்கவில்லை.

அதே இனோயே 1999-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வுதான் நம் ஊர் நர்ஸிங் கல்லூரிகளில் சுவரில் எழுதி வைக்க வேண்டியது. யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன 852 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு, மீதிப் பேருக்குக் கூடுதலாகச் சில காரியங்கள் செய்தார்கள். என்ன காரியங்கள் என்று பாருங்கள்: இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த இடம், உங்களைப் பார்த்துக்கொள்பவர் பெயர் என்ன என்று பலகையில் எழுதி வைத்துப் பேசிக்கொண்டிருப்பது, தூங்கும் முன் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து முதுகைத் தேய்த்துவிட்டு ராத்திரி சத்தத்தைக் குறைப்பது, தினமும் மூன்று வேளை எழுப்பி நடக்க வைப்பது, கண்ணாடியை மாட்டிவிடுவது, காதில் அழுக்கு அடைத்திருந்தால் எடுத்துவிட்டுக் காது மெஷினை வைப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது. இதில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த டெலிரியம் இவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இன்னொன்றும் அந்த ஆய்வில் இருக்கிறது, அதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன்: டெலிரியம் வந்த பிறகு, அதன் கடுமையை இந்தக் கவனிப்பால் குறைக்க முடியவில்லை. வரும் முன் காப்பதில்தான் பலன். சேர்த்த முதல் நாளிலேயே ஆரம்பிக்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிகிறது. இந்த மாதிரி 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-ல் வந்த தொகுப்பிலும் டெலிரியம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது, நோயாளிகள் கீழே விழுவதும் குறைந்திருந்தது.

‘அமெரிக்காவில் முடியும், இங்கே ஆள் ஏது’ என்று கேட்பார்கள். ஆசியாவிலேயே செய்து காட்டியிருக்கிறார்களே. தைவானில் 2017-ல் வெளியான ஆய்வு, வயிற்று அறுவை சிகிச்சைக்கு வந்த 377 முதியவர்கள். மூன்றே விஷயம்: பேச்சுக் கொடுத்து நினைவூட்டுவது, வாயைச் சுத்தம் செய்து சாப்பிட வைப்பது, சீக்கிரம் நடக்க வைப்பது. இதற்கென்று நியமித்த நர்ஸ்தான் செய்தார். டெலிரியம் 15.1 சதவீதத்திலிருந்து 6.6 ஆக இறங்கியது. அடுத்து சீனாவில் செங்டு நகரத்து மேற்குச் சீன மருத்துவமனை ஆய்வு, 2020-ல் வந்தது. அங்கே எழுபது தாண்டிய 281 அறுவை சிகிச்சை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இந்தக் கவனிப்பைக் கொடுப்பதில் கூட இருந்த குடும்பத்தாரையே சேர்த்துக்கொண்டார்கள், என்ன செய்ய வேண்டும் என்று நர்ஸ்கள் கற்றுக்கொடுத்தார்கள். வழக்கமான வார்டில் 19.4 சதவீதம், இங்கே 2.6 சதவீதம். சராசரியாக நாலு நாள் முன்னதாகவே வீட்டுக்கும் போனார்கள். ஒரே மருத்துவமனை, எண்ணிக்கை சின்னதுதான், ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தள்ளிவிட முடியாது.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவே இல்லை, ஏனென்றால் மேல்நாட்டு ஆஸ்பத்திரிகள் தன்னார்வலர்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்துச் செய்யும் வேலைக்கு நம்மிடம் ஒவ்வொரு படுக்கைக்கும் ஆள் இருக்கிறது. அட்டெண்டர் இல்லாத நோயாளி நம் ஊரில் எத்தனை பேர்? மகள், மருமகள், பேரன் என்று யாராவது கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருப்பார்கள். அவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்? மருந்துச் சீட்டைக் கொடுத்து ஓடவிடுகிறோம், ரத்தப் பரிசோதனைக்கு டியூபைக் கொடுத்து அனுப்புகிறோம், ரவுண்ட்ஸ் வந்தால் வெளியே துரத்துகிறோம். ‘அம்மாவுக்குக் கண்ணாடி மாட்டிவிடுங்க, சாயந்திரம் பேச்சுக் கொடுங்க, கையைப் பிடிச்சு அந்தத் தூண் வரைக்கும் நடக்க விடுங்க, புதுசா ஏதாவது பிதற்றினா உடனே எங்ககிட்ட சொல்லுங்க’ என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை. சொன்னால் செய்ய மாட்டார்களா? செய்யத்தானே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்களை அனுமதிக்க முடியாது, அது சரியான விதிதான். ஆனால் மகன்கள் மட்டுமே உள்ள தாய்க்கு, மனைவியை இழந்த மகனோடு வாழும் பாட்டிக்கு, ராத்திரிதான் தலை குழம்பும் நேரம், அப்போதுதான் பக்கத்தில் தெரிந்த முகம் இருக்காது. தனியாக வாழ்ந்து, 108-ல் வந்து இறங்குபவர்களுக்குப் பகலிலும் யாரும் இல்லை. இவர்களுக்குத்தான் முதலில் தன்னார்வலர்களோ நர்ஸிங் மாணவிகளோ வேண்டும்.

எங்கள் குடும்பத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். என் அண்ணன் எண்பதை நெருங்கியவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தினமும் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பவர். இடுப்பெலும்பு முறிந்து ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தோம். ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணாடி, பல்செட், காது மெஷின் மூன்றையும் கழற்றி ஒரு கேரி பேகில் போட்டு அண்ணியிடம் கொடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள், பை வெளியிலேயே இருந்தது. ஜன்னல் இல்லாத அறை, இருபத்துநாலு மணி நேரமும் விளக்கு, மானிட்டர் சத்தம், முகமூடி போட்ட ஆட்கள். பார்க்க மாலையில் பத்து நிமிடம்தான் விட்டார்கள். காது கேட்காது, கண் தெரியாது, யார் என்ன கேட்டாலும் புரியாது. அடுத்த நாள் நான் உள்ளே போனபோது கைகள் கட்டியிருந்தன, ‘என்னைக் கடத்திட்டு வந்துட்டாங்க, போலீஸைக் கூப்பிடு’ என்று என்னிடமே சொல்லி அழுதார். கண்ணாடியையும் மெஷினையும் மாட்டிவிட அனுமதி கேட்டால், தொலைந்துபோனால் பொறுப்பேற்க முடியாது என்றார்கள். போராடித்தான் வாங்கினோம். வார்டுக்கு மாற்றி, அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, பேப்பரை வாசித்துக் காட்ட ஆரம்பித்த பிறகு மெல்லத் தெளிந்தார். ஆனால் பழைய கூர்மை முழுசாகத் திரும்பவில்லை, பெயர்கள் தடுமாறுகின்றன, குறுக்கெழுத்துப் போடுவதை விட்டுவிட்டார். டெலிரியம் வந்து போனவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. எலும்பு ஜம்மென்று கூடிவிட்டது, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷன் வெற்றி என்று எழுதியிருக்கிறார்கள், தலை குழம்பியது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

எழுதப்படாததால்தான் நம் மாநிலத்தில் இது எத்தனை பேருக்கு வருகிறது என்ற கணக்கே வார்டு அளவில் எடுக்கப்படுவதில்லை. கண்டுபிடிக்கப் பெரிய கருவியெல்லாம் வேண்டாம். எடின்பரோவில் உருவான 4ஏடி என்ற சோதனை இருக்கிறது, இரண்டு நிமிட வேலை, காசு கிடையாது. நோயாளி விழிப்பாக இருக்கிறாரா என்று பார்த்து, வயது, பிறந்த தேதி, இடம், வருடம் கேட்டு, மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லி, இது புதிதாக வந்த மாற்றமா என்று கூட இருப்பவரிடம் விசாரிப்பது, அவ்வளவுதான். இங்கேதான் ஆராய்ச்சியாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்கூடமே போகாத எண்பது வயது அம்மாவிடம் பிறந்த தேதி கேட்டால் என்ன சொல்வார்? ‘தனுஷ்கோடி புயல் அடிச்சப்ப என் மூத்தவன் கைக்குழந்தை’ என்பார். ஆங்கில மாதத்தைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் தெளிவாக இருப்பவர்கூடத் தோற்றுப்போவார், குழப்பம் என்று குறித்துவிடுவோம். சித்திரை வைகாசியைக் கேட்பதா, கிழமைகளைத் தலைகீழாகக் கேட்பதா, எது நம் பாட்டிகளிடம் சரியாக வேலை செய்கிறது என்று நம் வார்டுகளிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். மறதி நோய்க்கு இந்த வேலையை ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். 1998-ல் கொச்சியில் உருவான 10/66 என்ற ஆய்வுக் குழு (மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், மக்களிடம் நடக்கும் ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதால் அந்தப் பெயர்) படிக்காதவர்களுக்கும் பொருந்தும் சோதனை முறையை உருவாக்கியது, சென்னையும் வேலூரும் அந்த ஆய்வின் களங்கள். டெலிரியத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

ஆராய்ச்சி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மருந்து ஆய்வுகளில் ஆள் சேர்க்கும்போது, 75 வயதுக்கு மேல் வேண்டாம், மறதி இருந்தால் வேண்டாம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் வேண்டாம், தனியாக வந்து போக முடியாதவர் வேண்டாம் என்று ஒதுக்கிக்கொண்டே போவது பல காலமாக நடக்கிறது. கடைசியில் அந்த மருந்தை அதிகமாக விழுங்கப்போவது இப்படி ஒதுக்கப்பட்டவர்கள்தான். அவர்களிடம் சம்மதம் வாங்குவது கஷ்டம் என்பது உண்மை. தலை குழம்பியவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார், போட்டாலும் அது சம்மதம் ஆகுமா? ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகள் இதற்கு வழி சொல்லியிருக்கின்றன, சட்டப்படி உரிமையுள்ள உறவினர் சம்மதிக்கலாம், நெறிமுறைக் குழு கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். முதியவர்களைக் காப்பது என்றால் ஆய்விலிருந்து விலக்கி வைப்பதில்லை. ஜாக்கிரதையாகச் சேர்த்துக்கொண்டு, அவர் தெளிந்ததும் அவரிடமே மறுபடி கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுவதுதான் மரியாதை.

தமிழ்நாட்டுக்கு இது முடியாத காரியம் இல்லை. டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்தைத் தொடங்கி வைத்தார், நாட்டிலேயே முதல் முறையாக முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் வந்தது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024-ல் திறந்தாகிவிட்டது. 2011-ல் நம் மக்களில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், 2021-க்கான மதிப்பீடு 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்து நாம்தான். எல்லா முதியவர்களும் கிண்டிக்கு வர முடியாது. அவர்கள் அருப்புக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் பொது வார்டில்தான் படுத்திருப்பார்கள், அந்த வார்டில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில், ஒரு எலும்பு முறிவு வார்டில், ஒரு வருடம் இதைச் செய்து பார்க்கட்டும். அட்டெண்டர்களுக்குச் சேர்த்த அன்றே அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்கட்டும், நர்ஸிங் மாணவிகளை மாலை நேரத்துக்குப் போடட்டும், விடியற்காலை நாலு மணிக்கு ரத்தம் எடுப்பதையும் உடம்பு துடைப்பதையும் ஆறு மணிக்குத் தள்ளட்டும். பக்கத்து வார்டோடு ஒப்பிட்டுக் கணக்கு எடுத்து வெளியிடட்டும். கிண்டி மையம் வழிநடத்தலாம். டிஸ்சார்ஜ் ஆன பிறகு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்குப் போகிறார்களே, அப்போதே ‘ஆஸ்பத்திரியில் புலம்பினாங்களா, இப்ப எப்படி இருக்காங்க’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

அதுவரைக்கும் வாசகர்களுக்கு: வீட்டில் பெரியவர்களைச் சேர்க்க நேர்ந்தால் கண்ணாடி, பல்செட், காது மெஷினை வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள், பெயர் எழுதி ஒட்டிக் கட்டில் பக்கத்திலேயே வையுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, டாக்டரிடம் காட்டுங்கள். புதிதாகக் குழப்பமோ அதிகத் தூக்கமோ தெரிந்தால் ‘நேத்து வரைக்கும் இப்படி இல்ல டாக்டர், இது புதுசு’ என்று அழுத்திச் சொல்லுங்கள், அந்தத் தகவல் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அவர் சொல்வது தப்பு என்று வாதாடாதீர்கள், அதட்டாதீர்கள், கையைப் பிடித்து நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களுக்கு எல்லா மாவட்டங்களிலும் செய்தியாளர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் மூன்று கேள்விகளை மட்டும் கேட்டு வரச் சொல்லுங்கள். முதியவர்களுக்கு டெலிரியம் இருக்கிறதா என்று தினமும் பார்த்து கேஸ் ஷீட்டில் எழுதுகிறீர்களா? போன மாதம் எத்தனை பேருடைய கையைக் கட்டினீர்கள்? ஐ.சி.யூ.வுக்குள் கண்ணாடியும் காது மெஷினும் அனுமதியா இல்லையா? வரும் பதில்களை, பதில் வராவிட்டால் வரவில்லை என்பதையும், ஊர் வாரியாக அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.